பெரியாக்கள் போடுற பான்ட் பம்பஸ்: எட்டு மாசம் பாவிச்சுப்போட்டு எழுதுறன்

எனக்கு 67 வயசு. ஊர் திருகோணமலை, 31 வருசம் ரீச்சரா இருந்து பென்சனுக்கு வந்த ஆள். இத எழுதுவமா விடுவமா எண்டு ஒரு மாசமா யோசிச்சன். எனக்கு தேவைப்பட்ட நேரம் தமிழில, அதுவும் நம்மட பக்கத்து ஆக்கள் சொன்னதா ஒண்டும் என்ட கண்ணில படேல்ல, அதால எழுதுறன். பெரியாக்களுக்கு விக்கிற பம்பஸ், அதிலயும் ஜட்டி மாதிரி இழுத்து போடுற பான்ட் டைப், அதப்பத்தித்தான் சொல்லப்போறன்.

ஏன் வாங்கினன் எண்டத முதல் சொல்லோணும், இல்லாட்டி மிச்சம் விளங்காது.

மூண்டு பிள்ளை பெத்த உடம்பு. நாப்பது வயசுக்கு பிறகே தும்மினா இருமினா ஒரு சொட்டு ரெண்டு சொட்டு போகும், அத நான் பெரிசா எடுக்கேல்ல. அறுபத்தஞ்சுக்கு பிறகு வந்தது வேற மாதிரி. ஒண்டுக்கு வருது எண்டு தெரியிறதும் போறதும் ஒரே நேரமா போச்சுது. அந்தரமா வரும், எழும்பி ரெண்டு அடி வைக்க முந்தி நனைஞ்சிடும். எங்கட ரொய்லட் பின் வளவில, கிணத்தடிக்கு பக்கத்தில, குசினிக் கதவால நாலு படி இறங்கோணும், முழங்கால் வருத்தம் வேற. வெளில போயிட்டு வந்து கேற் பூட்டில திறப்ப போட்டா அந்த நிமிசமே முட்டிக்கொண்டு வரும். அதுவரைக்கும் ஒண்டும் இருக்காது, பஸ்ஸால இறங்கி ஒழுங்கையால நடந்து வந்தது எல்லாம் நல்லாத்தான் இருக்கும், திறப்ப கண்டாத்தான் வரும். பைப்பில தண்ணி விழுற சத்தம் கேட்டாலும் அப்பிடித்தான்.

ரெண்டு வருசம் ஒருத்தருக்கும் சொல்லேல்ல, மகளுக்குமே சொல்லேல்ல. பழைய நூல் சீலைய கிழிச்சு மடிச்சு வச்சன், கடும் கலர் சீலையா பார்த்து உடுத்தன், வெளில போறதெண்டா காலமையில இருந்து தண்ணி குடிக்காம இருந்தன். கலியாண வீட்டுக்கு போனா முகத்த காட்டிப்போட்டு சாப்பிடாம திரும்பி வந்திடுவன். வெள்ளிக்கிழமைல கோணேசர் கோயிலுக்கு போறத நிப்பாட்டினன். கோட்டை வாசலால உள்ளுக்க போய், அந்த மான் நிக்கிற இடம் எல்லாம் தாண்டி ஏறி மேல போய் சேர்ந்து, பூசை முடியுமட்டும் நிண்டு, திரும்பி இறங்கி வாறதெண்டா என்னால ஏலாது எண்டு மனசுக்குள்ள முடிவு கட்டிப்போட்டன். கால் நோகுது எண்டுதான் எல்லாருக்கும் சொன்னன்.

பிறகு ஒரு நாள் கொழும்பில இருக்கிற என்ட அக்காக்கு கடும் வருத்தம் எண்டு போன் வந்தது. கந்தளாய், ஹபரண, தம்புள்ள, குருநாகல் எண்டு பஸ் போய் சேர ஆறு ஏழு மணித்தியாலம் வேணும். ராத்திரி ரயில்ல ரொய்லட் இருக்குது தான், ஆனா ஆடுற ரயில்ல இந்த முழங்காலோட இருட்டுக்குள்ள எழும்பி போறதுக்கு எனக்கு பயம். போகாம விடவும் ஏலாது, என்ட கூடப்பிறந்தவள். அண்டைக்குத்தான் பாமசிக்கு போனன்.

முதல் போன பாமசி பேர் சொல்லமாட்டன். கவுண்டரில நிண்டது என்னட்ட படிச்ச பெடியன். நான் மெதுவா கேட்டன், அவன் உள்ளுக்க நிண்ட ஆளப்பார்த்து "பெரிய பம்பஸ் என்ன சைஸ் இருக்கு, ரீச்சர் கேக்குறா" எண்டு சத்தமா கேட்டுப்போட்டு என்னப்பார்த்து "ஆருக்கு ரீச்சர்?" எண்டான். எனக்கு பின்னால அஞ்சாறு பேர் நிக்குதுகள். "வீட்டில ஒரு வயசாளிக்கு" எண்டு சொன்னன். அவன் குடுத்தத பார்க்காம வாங்கிக்கொண்டு வந்தன். வீட்ட வந்து பிரிச்சா ரெண்டு பக்கமும் ஒட்டுற டைப், அதுவும் லாஜ் சைஸ். படுக்கையில கிடக்கிற ஆளுக்கு இன்னொராள் கட்டி விடுறதுக்கு அது சரி, நடமாடுற ஆள் நிண்டபடி தனிய ஒட்டுறதெண்டா ஏலாது. ஒரு பக்கம் ஒட்ட மற்றப்பக்கம் நழுவும். தொடைப்பக்கம் இடைவெளி விட்டு அப்பிடியே ஒழுகிச்சுது. அந்தப் பக்கெட் முழுக்க வீண்.

ரெண்டாவதா போனது அனுராதபுர சந்திப் பக்கம் இருக்கிற இன்னொரு சின்ன பாமசி. அங்க ஒரு பிள்ளை, இருபத்தஞ்சு வயசுதான் இருக்கும். நான் அதே பொய்யத்தான் சொன்னன், வீட்டில வயசாளிக்கு எண்டு. அவ ஒண்டும் கேக்காம ஓரமா கூட்டிக்கொண்டு போய், "அன்ரி, நடக்கிற ஆளா படுத்திருக்கிற ஆளா?" எண்டு கேட்டா. நடக்கிற ஆள் எண்டன். "இடுப்பு அளவு தெரியுமா?" எண்டா. தெரியாது எண்டன். லாச்சிக்குள்ள இருந்து தையக்காரர் வச்சிருக்கிற மாதிரி ஒரு ரேப் எடுத்து என்ட கையில தந்தா. "அன்ரிட உயரம் உடம்புதான் அவவுக்குமெண்டா உள்ளுக்க போய் அன்ரிட இடுப்ப அளந்திட்டு வாங்க, இடுப்பும் பாருங்க, அதுக்கு கீழ ஆக அகலமான இடமும் பாருங்க, ரெண்டில கூட வாறதுதான் கணக்கு." அந்தப் பிள்ளைக்கு எல்லாம் விளங்கிப்போச்சு, ஆனா முகத்தில ஒண்டும் காட்டேல்ல. நான் அந்த மருந்துப்பெட்டி அடுக்கின அறைக்குள்ள நிண்டு அளந்தன். 38 அங்குலம், மீடியம். நான் உடுப்புக்கு லாஜ் போடுற ஆள், பம்பஸுக்கு மீடியம். பெரிசா இருந்தா கூடப் பிடிக்கும் எண்டு நினைச்சு ஒரு சைஸ் கூட்டி வாங்காதேங்கோ, ஒழுகிறதே அதாலதான். தொடையடியில இருக்கிற ரப்பர் சுருக்கு தோலோட ஒட்டி நிக்கோணும்.

இன்னொண்டும் சொன்னா, "அன்ரி இத போட்டுக்கொண்டு சும்மா இருக்காம ஒருக்கா டொக்டருக்கும் காட்டச் சொல்லுங்க அவவ." அதுக்கு பிறகு வாறன்.

இப்ப சாமான பத்தி. நான் மூண்டு கொம்பனிட பாவிச்சிட்டன், ஊருக்கு எது வருதோ அதத்தான் வாங்கலாம், அதால பேர விட என்ன பார்க்கோணும் எண்டத சொல்லுறன்.

வீட்டில ஒரு சோதினை செய்து பார்த்தன். அரை லீட்டர் தண்ணியில ஒரு சின்னக்கரண்டி உப்பு கரைச்சன், ஏனெண்டா சலத்தில உப்பு இருக்குது, உள்ளுக்க இருக்கிற அந்த மணி மணியான ஜெல் வெறும் தண்ணிய கனக்க உறிஞ்சும், உப்புத்தண்ணியெண்டா நல்லா குறைச்சுத்தான் உறிஞ்சும். பேசினுக்குள்ள பான்ட்ட விரிச்சு வச்சு ஒரு கப், கிட்டத்தட்ட 200 மில்லி, கடகடவெண்டு ஊத்தினன். முதல் ரெண்டு செக்கன் தண்ணி மேல தேங்கி நிண்டுது, பிறகு நடுவில ஒரு பள்ளம் மாதிரி விழுந்து உள்ளுக்க இறங்கிச்சுது. அஞ்சு நிமிசம் கழிச்சு மேல ஒரு வெள்ளைத் துணிய வச்சு அமத்தினன், துணி லேசா ஈரம் மட்டும்தான். ரெண்டாவது கப்பும் அப்பிடியே இறங்கிச்சுது, மெதுவா. மூண்டாவது ஊத்த ஓரத்தால வந்துட்டுது. இன்னொரு கொம்பனிட முதல் கப்புக்கே அஞ்சாறு செக்கன் தேங்கிச்சுது. எங்களுக்கு அந்தரமா வந்தா ஒரேயடியா வரும், சொட்டு சொட்டா வராது, அதால எவ்வளவு பிடிக்குது எண்டதவிட எவ்வளவு கெதியா உள்ளுக்க இழுக்குது எண்டதுதான் முக்கியம். பக்கெட்டில போட்டிருக்கிற மில்லி கணக்க அப்பிடியே நம்பவேண்டாம், அது முழுசா ஊற வச்சு எடுக்கிற கணக்கு, போட்டுக்கொண்டு கதிரையில இருக்கிற ஆளுக்கு அதைவிட குறையத்தான் பிடிக்கும். மாதவிடாய்க்கு வைக்கிற பேட்ட வச்சு சமாளிக்கிற ஆக்கள் இருக்கினம், நானும் வச்சன். அது வேற தேவைக்கு செய்தது, இந்த வேகத்துக்கு தாங்காது.

சீலைக்கு கீழ தெரியாது. நைட்டிக்கு கீழயும் தெரியாது. நடக்கக்க சரசரக்கிற சத்தம் ஒரு கொம்பனிடதில இருந்தது, மற்ற ரெண்டிலயும் இல்ல. மணம் உடன வராது, ஆனா மூண்டு நாலு மணித்தியாலத்துக்கு மேல நனைஞ்சத போட்டுக்கொண்டிருந்தா வரும். சிலதில நடுவால ஒரு மஞ்சள் கோடு இருக்கும், நனைஞ்சா கலர் மாறும், வயசு போய் தானா சொல்லத்தெரியாத ஆக்கள பார்க்கிறவைக்கு அது நல்ல உதவி.

குறை எண்டா நம்மட வெக்கை. கச்சான் காத்து வீசுற மாசங்களில பகல் முழுக்க போட்டா வெந்து போகும். ரெண்டாம் மாசம் எனக்கு தொடை இடுக்கெல்லாம் சிவந்து எரிஞ்சுது, குளிக்கிற நேரம் தண்ணி பட்டாலே எரிவு. நான் செய்த பிழை பவுடர் கொட்டினது, அது வேர்வையோட சேர்ந்து கட்டியாகி இன்னும் உராஞ்சுது. இப்ப மாத்துற நேரம் எல்லாம் வெறும் தண்ணியால கழுவி, தேய்க்காம ஒத்தி எடுத்து, நல்லா காய விட்டு, சிங்க் ஒக்சைட் கிரீம் மெல்லிசா பூசுறன். மெல்லிசா எண்டது முக்கியம், அப்பினா அது பம்பஸ்ட மேல் துணிய அடைச்சு சலத்த உள்ளுக்க இறங்க விடாது. வீட்டில தனிய இருக்கிற நேரம் போடுறேல்ல, ஒரு ரெண்டு மணித்தியாலம் காத்துப்பட விடுறன்.

விலையும் சொல்லோணும். பத்து இருக்கிற ஒரு பக்கெட்டுக்கு நான் ரெண்டாயிரத்துக்கு மேல குடுக்கிறன். ஒரு நாளைக்கு மூண்டு மாத்தினா மாசத்துக்கு ஒம்பது பக்கெட், பென்சன்ல அத இறுக்கேலாது. அதால இரவைக்கு நான் வேற வழி செய்தன். கட்டிலுக்கு பக்கத்தில கொமோட் கதிரை ஒண்டு வாங்கி வச்சன், நடுவில ஓட்டை, கீழ வாளி. இந்த முழு விசயத்திலயும் நான் செலவழிச்ச காசில ஆகத் திறமானது அந்தக் கதிரைதான், பம்பஸும் இல்ல. இரவில நாலு படி இறங்கி ஓடுற வேலை இல்ல. எங்கட ஒழுங்கையில ஒரு அம்மா இப்பிடி இரவில அந்தரப்பட்டு ஓடி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சவ, பிறகு எழும்பவே இல்ல. மெத்தைக்கு மேல கழுவிப் பாவிக்கிற பேட் ஒண்டு போட்டிருக்கிறன், மேல துணி, கீழ தண்ணி ஊறாத பக்கம். பழைய ரப்பர் சீற்ற விட எவ்வளவோ நல்லம், அது வேர்த்துக் கொட்டும்.

கழிச்சு விடுறதுக்கும் ஒரு முறை இருக்கு. ரொய்லட்டுக்குள்ள போடவே கூடாது, குழி அடைச்சிடும். எரிக்கவும் வேண்டாம், உள்ளுக்க இருக்கிறது பிளாஸ்ரிக். நான் முதல் கிழமை ஒரு பையில கட்டி கேற்றடியில வச்சன், விடிய பார்த்தா நாய் இழுத்து ஒழுங்கை முழுக்க பரவிக்கிடக்கு, வெள்ளை ஜெல் எல்லாம் மண்ணோட. ஆக்கள் எழும்ப முந்தி விளக்குமாறோட நிண்டு கூட்டினன், அண்டைக்கு அழுதன். இப்ப உருட்டி, பேப்பரில சுத்தி, ரெண்டு பை போட்டு, மூடி உள்ள வாளிக்குள்ள வச்சு, குப்பை வண்டி வாற நேரம் கையில குடுக்கிறன்.

இனி டொக்டர் விசயம். அந்தப் பிள்ளை சொன்னது மண்டைக்குள்ள நிண்டதால கொழும்பால வந்த கையோட கிளினிக்குக்கு போனன். வயசு போனா இப்பிடித்தான் எண்டு அனுப்பிவிடுவினம் எண்டு நினைச்சன். டொக்டரம்மா அப்பிடி சொல்லேல்ல. வயசோட கூடுற வருத்தம்தான், ஆனா வயசெண்டதுக்காக பொறுத்துக்கொண்டு இருக்கிற வருத்தம் இல்ல எண்டா. சலம் சோதிச்சதில கிருமி இருந்தது, அதுக்கு மருந்து தந்தா. சீனி பார்த்தா, அது எனக்கு இல்ல, சீனி கூடினாலும் அடிக்கடி போகுமாம். பிறசருக்கு நான் போடுற குளிசையில ஒண்டு சலம் போக வைக்கிற குளிசை, அத நான் இவ்வளவு காலமும் இராச்சாப்பாட்டுக்கு பிறகு போட்டுக்கொண்டிருக்கிறன், அதத்தான் காலமைக்கு மாத்திவிட்டா. அது ஒண்டுலயே இரவில நாலு தரம் எழும்பினது ரெண்டாச்சு. (நீங்களா மாத்தாதேங்கோ, கேட்டுப்போட்டு மாத்துங்கோ.)

மூண்டு நாளைக்கு ஒரு கொப்பி எழுதச் சொன்னா, எத்தினை மணிக்கு போறன், எவ்வளவு போகுது, என்ன குடிச்சன் எண்டு. ஒரு பழைய அளவுக் கப்பில பிடிச்சு எழுதினன். 90 மில்லி, 110 மில்லி, 80 மில்லி. அவ கொப்பிய பார்த்திட்டு சொன்னா, சலப்பை 400, 500 மில்லி வரைக்கும் பிடிக்கக்கூடியது, உங்களுக்கு கால்வாசி நிரம்ப முந்தியே அது இறுக்கிப் பிழியுது, அதாலதான் அந்தரம் எண்டு. தண்ணி குடிக்காம விட்டது நான் செய்த ஆகப்பெரிய பிழை, சலம் தடிச்சுப்போய் சலப்பைய இன்னும் உறுத்துமாம், மலச்சிக்கலும் வந்து அதுவும் அமத்துமாம். இப்ப பகலில ஒழுங்கா குடிக்கிறன், ஆறு மணிக்கு பிறகுதான் குறைக்கிறன். தேத்தண்ணி ஆறு கோப்பை குடிச்ச ஆள் ரெண்டோட நிக்கிறன், அது கஷ்டமாத்தான் இருக்கு, உண்மையா.

பயிற்சியும் சொல்லித்தந்தவை. காத்துப் போறதையும் சலம் போறதையும் ஒண்டா அடக்கிற மாதிரி உள்ளுக்க இறுக்கி மேல இழுக்கோணும், வயித்த எக்கக் கூடாது, மூச்ச பிடிக்கக் கூடாது. எட்டுத்தரம், ஒரு நாளைக்கு மூண்டு வேளை, குறைஞ்சது மூண்டு மாசம். நான் விளக்கு வைக்கிற நேரம் ஒண்டு, சோறு அடுப்பில இருக்கிற நேரம் ஒண்டு, படுக்கப்போக முந்தி ஒண்டு. முதல் ஆறு கிழமை ஒரு மாத்தமும் இல்ல, விடுவமோ எண்டு வந்தது. மற்றது, அந்தரமா வரக்க ஓடாம அப்பிடியே நிண்டு அஞ்சாறு தரம் கெதி கெதியா இறுக்கோணும், அலை மாதிரி ஏறி வந்து இறங்கும், இறங்கின பிறகு நடக்கோணும். கேற்றடியில திறப்பும் கையுமா நிண்டு இத செய்து பழகினன். இப்ப கப்பில 250 மில்லி வருது. சலப்பைய அடக்கிற குளிசையும் இருக்குதாம், சிலதுக்கு வாய் காயும், மலம் இறுகும், வயசாளிகளுக்கு தடுமாற்றமும் வரலாம், அதால பயிற்சிய செய்து பார்த்திட்டு யோசிப்பம் எண்டா. எனக்கு இதுவரைக்கும் தேவைப்படேல்ல.

ஆம்பிளையளுக்கு இது புரஸ்டேட் வீங்கினாலும் வரும், முக்கி முக்கி நூல் மாதிரி போகும், பிறகு சொட்டும். அவை பம்பஸ வாங்கிக்கொண்டு வீட்டில இருக்காம கட்டாயம் காட்டோணும். ஆருக்கெண்டாலும் சலத்தில ரத்தம் வந்தா, இல்லாட்டி கால் விறைச்சு இது திடீரெண்டு தொடங்கினா, இல்லாட்டி அடிவயிறு வீங்கி ஒண்டுமே போகாம நிண்டா அண்டைக்கே ஆஸ்பத்திரி.

அக்காவ போய் பார்த்தன். பஸ்ஸில தம்புள்ளயில தேத்தண்ணிக்கு நிப்பாட்டக்க நானும் எல்லாரோடயும் இறங்கி பிளேன்ரீ குடிச்சன். ரெண்டு வருசத்துக்கு பிறகு பயணத்தில வாயில தண்ணி வச்சது அண்டைக்குத்தான். அவவோட பத்து நாள் இருந்தன். அதுக்கு ரெண்டு மாசம் கழிச்சு அவ போயிட்டா.

கோயிலுக்கு இத போட்டுக்கொண்டு போகலாமோ எண்டது எனக்கு பெரிய கேள்வி. துடக்கு மாதிரி ஒரு நினைப்பு. ஆரட்டயும் கேக்கவும் வெக்கம். கடைசியா நானே யோசிச்சன், போக முந்தி குளிச்சு புதுசு ஒண்டு போட்டுக்கொண்டு போறன், நனைஞ்சா வெளில வந்திடுவன், இதில கோணேசருக்கு என்ன குறை வரப்போகுது. போன மாசி மாசத்தில இருந்து திரும்ப வெள்ளிக்கிழமைகளில போறன். மெதுவாத்தான் ஏறுறன். பைக்குள்ள இன்னொரு பான்ட், ஈரத்துணி, ரெண்டு பொலித்தீன் பை. நாலு தரத்தில மூண்டு தரம் போட்டது காய்ஞ்சபடியே வீட்ட வருது, எண்டாலும் போடாம போறதுக்கு எனக்கு இன்னும் தைரியம் வரேல்ல.

இப்ப பாவிக்கிறது கிழமைக்கு நாலு அஞ்சுதான், பயணத்துக்கும் கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும். பான்ட் டைப்புக்கு நான் அஞ்சுக்கு நாலு குடுப்பன், வெக்கைக்கும் விலைக்கும் ஒண்ட குறைச்சிருக்கிறன். அந்த ரெண்டாவது பாமசிக்கு அஞ்சுக்கு அஞ்சு. பேப்பரில சுத்தி கறுப்பு பையில போட்டுத்தான் தருவினம், நான் கேக்கவே தேவையில்ல. மாசக் கடைசியில மீடியம் முடிஞ்சிடுது, ஒருக்கா போன் பண்ணி கேட்டிட்டு போறது நல்லம். மத்தியானம் ரெண்டு மணிபோல போனா கடையில ஆக்கள் இல்ல.